குரங்கடியில் பன்னிரண்டு மணி

அப்பா குரங்கின் தலைக்குள் தன் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

ஹைடல்பேர்க் நகரத்தில், பழைய பாலம் தொடங்குகிற இடத்தில், வெண்கலத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது. அதன் தலை வெறும் கோது, உள்ளே ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதற்குள் தலையை நுழைத்துப் படம் எடுப்பார்கள். அப்பா படத்துக்காக நுழையவில்லை. அதற்குள் ஒளிந்து நின்று வீதியை வேவு பார்த்தார்.

"வருகினமோ?" என்று அம்மா உதடு அசையாமல் கேட்டார்.

"இன்னும் இல்லை. ஜப்பான்காரர்தான் நிக்கினம். நீங்கள் மூண்டு பேரும் பாலத்தைப் பாக்கிற மாதிரி நில்லுங்கோ."

நாங்கள் மூன்று பேரும் பாலத்தைப் பார்த்தோம். அம்மா கத்தரிப்பூ நிறத்தில் பட்டு உடுத்திருந்தார். எனக்கு ஒரு புதுச் சல்வாரும் கழுத்தை அறுக்கிற அட்டியலும். தங்கை சுபாவுக்குப் பதினான்கு வயது. அன்றைக்கு அவளை யாரும் பார்க்க வரவில்லை என்பதால் அவளுக்கு மட்டும் ஜீன்ஸ் போட அனுமதி கிடைத்திருந்தது.

குரங்குக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. ஒரு ஜெர்மன்காரர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். அப்பா அசையவில்லை.

என் அப்பாவை நான் இந்தப் பக்கங்களில் அளவுக்கு மீறிக் கேலி செய்கிறேன் என்று பாரிஸிலிருந்து ஒரு வாசகர் கோபித்து எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். ஆனால் குரங்குக்குள் தலையை விட்டது அவர், நான் அல்ல.

தற்செயலுக்கு உள்ள சட்டங்கள்

ஜெர்மனியில் எங்கள் சனத்திடம் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் பார்க்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. இரண்டு குடும்பங்களும் மூன்றாவது இடம் ஒன்றில் "தற்செயலாக" சந்திக்கும். அட, நீங்களும் தமிழோ என்று ஆச்சரியப்படும். சேர்ந்து கொஞ்ச நேரம் நடக்கும். கலியாணம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. பிடித்தால் தரகர் தொலைபேசி எடுப்பார். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வழியில் தமிழ் ஆட்களைக் கண்டோம், அவ்வளவுதான்.

முகம் முறியாத நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

என்னை அதுவரை இரண்டு தரம் தற்செயலாகப் பார்த்திருந்தார்கள். முதல் தரம் தேர்த்திருவிழாவில். ஒரு மாமி என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் பல் வரிசையைப் பார்த்தார். இரண்டாம் தரம் நாங்கள் இருக்கிற எசனில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில். பாட்டுச் சத்தத்தில் அந்தப் பெடியன் என்ன சொன்னான் என்பதே எனக்குக் கேட்கவில்லை. அவன் மூன்று தட்டுப் பிரியாணி சாப்பிட்டது மட்டும் நினைவில் இருக்கிறது.

மூன்றாவது வரன் ஸ்ருட்கார்ட்டில். தரகர் டோட்முண்டில் இருந்தார். இந்த முறை மண்டபம் வேண்டாம், ஒரு கௌரவமான இடத்தில் சந்திப்பு இருக்கட்டும் என்று அவர்தான் ஹைடல்பேர்க்கைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக் குரங்கடியில், பன்னிரண்டு மணி.

"தாய், தகப்பன், மகன். மூண்டு பேர். தாய் பச்சைச் சேலை. மகன் கண்ணாடி, கொம்பியூட்டர் வேலை," என்று தொலைபேசியில் கத்தினார். "மெட்ராஸில கனகாலம் இருந்த சனம். கதை கொஞ்சம் இந்தியாக்காரற்ற மாதிரி இருக்கும். ஊர், சாத்திரம் எல்லாம் நான் விசாரிச்சாச்சு. நீங்கள் அங்க போய் விசாரணை தொடங்காதேங்கோ அண்ணை. பாத்தால், சிரிச்சால், நடந்தால் போதும்."

படம் கேட்டதற்கு, படத்தில் எல்லாரும் வடிவுதான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு கடிதமும் ஒரு பேச்சும்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கட்டட வரைபடம் கீறும் வேலையில் மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்திருந்தேன். மற்றவர்கள் கட்டுகிற வீட்டை நான் கோடு கோடாகக் கீறிக் கொடுத்தது போதும், நானே ஒரு வீட்டை யோசிக்க வேண்டும் என்று ஆசை. கட்டடக்கலை படிக்க விண்ணப்பித்தேன். ஹம்பேர்க்கில் இடம் கிடைத்தது. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

"ஹம்பேர்க்கோ? தனியவோ?" என்றார் அப்பா. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு நல்ல செய்தி ஏதும் இருக்குமோ என்று தேடுகிற மாதிரி.

மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு சரிவந்தால் தையில கலியாணம். சரிவராட்டி நீ ஹம்பேர்க்குக்குப் போ. நான் மறிக்கமாட்டன்."

சரி என்று சொல்கிற ஆள் யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கேட்காமல் விட்டேன். அடுத்த நாள் அம்மா நகைப் பெட்டியைத் திறந்தபோதுதான் விளங்கியது, சரி சொல்கிற ஆட்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், அதில் நான் இல்லை.

பச்சைச் சேலை

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் குரங்குக்குள் இருந்து குரல் வந்தது. "வந்திட்டினம்!"

ஒரு பெரியவர், கண்ணாடி போட்ட இளைஞர், பச்சைச் சேலை கட்டி அதன்மேல் மகனின் குளிர்ச் சட்டையைப் போட்டு, காலில் வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து அணிந்த ஓர் அம்மா. அப்பா தலையை வெளியே எடுத்தார். தலைமுடியைத் தடவி விட்டுக்கொண்டு, சும்மா அந்தப் பக்கம் போகிறவர் மாதிரி நடந்து போய் அவர்கள் முன்னால் நின்றார்.

"அட! நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க!" பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இங்க தமிழ்க்காரங்களைப் பாப்போம்னு நாங்க நினைக்கவே இல்லீங்க!"

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம்: என்ன நடிப்பு!

"நீங்க எங்கிருந்து வர்றீங்க?"

"எசன்."

"நாங்க வால்டோர்ஃப்ங்க. பையன் அங்கதான் சாஃப்ட்வேர்ல இருக்கான். நமக்குச் சொந்த ஊர் கோயமுத்தூருங்க. மூணு மாச விசாவுல வந்திருக்கோம்."

"ஓமோம்," என்றார் அப்பா. என் காதருகே குனிந்து, "உவர் பெரிய ஆள் பிள்ளை. ஊரையே மாத்திப்போட்டார். ஸ்ருட்கார்ட் எண்டு வாய் தவறியும் வரேல்லை," என்றார்.

அன்று முழுவதும் இப்படித்தான். அந்த மனுஷர் எவ்வளவு உண்மை சொன்னாரோ, அப்பாவுக்கு அவர் நடிப்பின்மேல் அவ்வளவு மரியாதை கூடியது. அதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு "ங்க" போட்டது அப்பாவை உருக்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு பணிவாகக் கதைத்து அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை.

எனக்கும் சந்தேகம் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் இருந்த சனம் என்று தரகர் சொல்லியிருந்தாரே. என்னை உறுத்தியது வேறு. பெடியன் பார்க்க நல்லவனாக இருந்தான். சிரித்த முகம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஹம்பேர்க் கையை விட்டுப் போகிறது.

ஞாயிறு என்றால் மண்டபம்

கோட்டைக்கு நடந்தே போவோம் என்று முடிவானது. கல் பதித்த ஒடுங்கிய வீதிகள். அம்மாவின் குதி உயர்ந்த செருப்பு இரண்டு கல்லுக்கு ஒரு தரம் மாட்டிக்கொண்டது. பச்சைச் சேலை அம்மா விளையாட்டுச் சப்பாத்தில் ஆடு மாதிரித் துள்ளிப் போனார். அம்மா அந்தச் சப்பாத்தைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது.

அப்பா வாயைப் பிளந்துகொண்டு நடந்தார். தேவாலயத்து மணிக்கூட்டைப் பார்த்தார், ஜன்னல் பூச்சட்டிகளைப் பார்த்தார், ஒரு பேக்கரி வாசலில் நின்று மூச்சை இழுத்து மணம் பிடித்தார்.

எனக்கு அது புதினமாக இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடம். முதல் சில வருடம் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. எங்கள் மாவட்டத்து எல்லையைத் தாண்ட அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். பிறகு கடிதம் தேவையில்லாமல் போனது, ஆனால் போகிற பழக்கம் வரவில்லை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பகலும் இரவும் முறை மாற்றி வேலை. ஞாயிறு என்றால் எங்கள் சனத்துக்கு மண்டபம். பிறந்தநாள், பெண் பிள்ளைகள் பெரியவளானால் சாமத்திய வீடு, கலியாணம். ஒரு நகரத்தைச் சும்மா நடந்து பார்ப்பதற்கு யாரும் எங்களுக்கு அழைப்பிதழ் அடிக்கவில்லை.

முந்நூறு படி

கோட்டைக்கு ஏறுகிற படிக்கட்டு தொடங்கியதும் அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. "பிள்ளையள் முன்னுக்கு ஏறட்டும்," என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பச்சைச் சேலை அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். முன்னால் ஓடப் பார்த்த சுபாவைப் பின்கழுத்தில் பிடித்தார்.

நானும் கண்ணாடிக்காரரும் ஏறினோம். அவர் பெயர் கார்த்திக்.

"ஒரு ஹெல்ப் கேக்கலாமா?" என்றார் நூறாவது படியில். "உங்க போன் நம்பர் குடுப்பீங்களா?"

இவ்வளவு துணிச்சலா என்று நினைத்தேன்.

"எனக்கு இல்ல, என் வைஃபுக்கு. அடுத்த மாசம் வர்றா. அவளுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. உங்களைப் பாத்ததும் அதான் தோணுச்சு."

நான் கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முதல் கணம், இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்துக் காதெல்லாம் சுட்டது. "உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"நாலு மாசம் ஆச்சு. விசாவுக்குத்தான் லேட்."

இரண்டாம் கணத்தில் எல்லாம் விளங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார். பிறகு அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், தரகர், பச்சைச் சேலை, ஹம்பேர்க்குக் கடிதம், எல்லாம்.

"அப்போ உங்கப்பா காலைல இருந்து என்னை ஒரு மாதிரி பாத்தது..."

"ஓம். அது மாப்பிள்ளைப் பார்வை."

"ஐயோ! தமிழ்னு பாசமாப் பாக்கறார்னு நினைச்சேனே."

கீழே பார்த்தேன். இரண்டு அப்பாக்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே மாதிரி ஏறி வந்தார்கள். இப்போதே ஓடிப் போய்ச் சொன்னால், உண்மையான மாப்பிள்ளை வீட்டாரைக் குரங்கடியில் பிடித்துவிடலாம். சொல்லாவிட்டால் அவர்கள் காத்திருந்து, கோபித்துக்கொண்டு ஸ்ருட்கார்ட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். தரகர் வழியாக எங்களைத் தேடவும் முடியாது. அப்பாவின் கைத்தொலைபேசி களவு போய்விடும் என்ற பயத்தில் எப்போதும் காரில்தான் இருக்கும்.

"நாலு மணி வரைக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றேன். "உங்கட வைஃபுக்கு நான் டொச் பாஷை படிப்பிச்சு விடுறன்."

கார்த்திக் யோசித்தார். "நான் ஏழு வீட்டுல பஜ்ஜி சாப்பிட்டவன்ங்க. எனக்கு இது புரியும்," என்று கையை நீட்டினார்.

பீப்பாய்ப் பரீட்சை

கோட்டைக்குள் ஒரு பழைய வைன் பீப்பாய் இருக்கிறது. எங்கள் எசன் வீட்டின் வரவேற்பறையும் சமையலறையும் அதற்குள் தாராளமாக அடங்கும். அப்பா கார்த்திக்கை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். பீப்பாயை அவர் பார்க்கவே இல்லை. கார்த்திக்கின் முகத்தைத்தான் பார்த்தார்.

"தம்பி, உதைப் பாக்க என்ன நினைக்கிறியள்?"

கார்த்திக் என் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தினார். "எனக்கு அந்த வாசனையே ஆகாது அங்கிள். ஆபீஸ் பார்ட்டில கூட ஆப்பிள் ஜூஸ்தான்."

பீப்பாய் காலியாகக் கிடக்கிறது, வாசனை எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்கவில்லை. தூரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கார்த்திக்குக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போதே கொஞ்சம் பயம் வந்தது.

மத்தியானம் கோட்டைத் தோட்டத்துப் புல்லில் துணி விரித்தோம். அம்மா இரவிரவாகப் பொரித்த மரக்கறி ரோல்ஸ். அவர்கள் கொண்டுவந்த புளிசாதம். பச்சைச் சேலை அம்மா மூன்றாவது ரோல்ஸைக் கடித்தபடி தொடங்கினார். "மருமகளுக்கு அடுப்படிப் பக்கமே பழக்கமில்லீங்க. அதுக்கென்ன, பையனுக்கு நான் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். அவன் சமைச்சுப் போடட்டும். அவ படிச்சவ, வேலைக்குப் போகணும்."

எனக்குப் புளிசாதம் புரைக்கேறியது. இனி மருமகளின் பெயர் வரும், ஊர் வரும், எல்லாம் உடையும். ஆனால் அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. பட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தனக்கு வாய்க்காத மாமியார் மகளுக்கு வாய்த்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். மிச்சம் இருந்த ரோல்ஸ் முழுவதையும் பச்சைச் சேலையின் தட்டில் வைத்தார்.

அப்பா மட்டும் எழுந்து போய், வெடிவைத்துப் பிளந்த ஒரு பெரிய கோபுரத்தின் முன்னால் நின்றார். அதன் பாதி அப்படியே சரிந்து அகழிக்குள் கிடக்கிறது. நானும் போய் நின்றேன். அந்தச் சுவரின் தடிப்பை வெட்டுமுகமாகப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, கையால் அளந்து அப்பாவுக்குக் காட்டினேன், கற்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், பாரம் எப்படி இறங்குகிறது என்று.

"ஊரில எங்கட வீட்டையும் இப்பிடித்தான் உடைச்சவங்கள்," என்றார் அப்பா. "பாக்க ஒரு சனமும் வரேல்லை." பிறகு, "நீ சொன்ன அந்தப் பாரக் கதையைத் திருப்பிச் சொல்லு," என்றார். சொன்னேன். அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்

இறங்கிப் பாலத்தடிக்கு வரும்போது அப்பா கார்த்திக்கின் அப்பாவோடு கை கோத்துக்கொண்டு வந்தார். கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நான் இப்பவே கதைக்கப் போறன். தரகரை ஏன் பாத்துக்கொண்டிருக்கவேணும்? இப்பிடியொரு சனம் கிடைக்காது. தையில வைப்பம் எண்டு நேரா அவரிட்டயே கேக்கிறன்."

அப்போதுதான் குரங்கடியைப் பார்த்தேன். கறுப்புக் குளிரங்கி போட்ட ஓர் அம்மா கற்சுவரில் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு அங்கியின் பொத்தான்களைக் கழற்றியிருந்தார். உள்ளே பச்சைச் சேலை. பக்கத்தில் ஒரு பெரியவரும் கண்ணாடி போட்ட ஓர் இளைஞனும். மூன்று பேருடைய முகமும் வாடிப் போயிருந்தது. நாலு மணித்தியாலம் அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் வாயைத் திறக்காவிட்டால் அப்பா கார்த்திக்கின் அப்பாவிடம் போய்க் கேட்பார். அவர் திகைத்துப்போவார். பத்தடி தூரத்தில் இந்த மூன்று பேரும் அதைக் கேட்பார்கள். திறந்தால், இதோ நிற்கிறது மாப்பிள்ளை வீடு. ஹம்பேர்க் அதோடு சரி. ஆனாலும் அப்பா அத்தனை பேருக்கும் முன்னால் தலைகுனிந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க ஏலவில்லை.

"அப்பா," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "இவை அவை இல்லை. கார்த்திக் கலியாணம் கட்டினவர். உண்மையான ஆக்கள் அங்க இருக்கினம், குரங்கடியில."

அப்பா குரங்கடியைப் பார்த்தார். கார்த்திக்கைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"படி ஏறேக்க."

"படி ஏறேக்கயோ! அப்ப பீப்பாய்?"

"பீப்பாய்க்கு முதலே தெரியும்."

"என்னை வைச்சு விளையாடினனியோ?" குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"ஓம் அப்பா. பிழைதான். எனக்கு ஹம்பேர்க்குக்குப் போகவேணும். பத்துத் தரம் சொன்னனான்."

அப்பா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பிறகேன் இப்ப சொன்னனி?" என்று கேட்டார். "பேசாமல் இருந்திருந்தால் அவையும் போயிருப்பினமே."

"நீங்கள் கேட்டு அவர் இல்லையெண்டு சொன்னால்..."

அப்பா முகத்தைத் துடைத்தார். கார்த்திக்கின் அப்பாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களைச் சந்திச்சது பெரிய சந்தோசம் அண்ணை," என்று மட்டும் சொன்னார். "ஒருக்கா நம்ம வீட்டுக்கு வாங்க," என்றார் அவர். கார்த்திக் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போனார்.

எங்கள் கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. குரங்கடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா முன்னால் நடந்தார். பின்னால் அம்மாவும் சுபாவும், ஒன்றும் தெரியாமல், கார்த்திக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டு. கடைசியில் நான். இனி ஆச்சரியப்படுவார்கள், சிரிப்பார்கள், எல்லாம் முதலில் இருந்து தொடங்கும்.

எங்களைக் கண்டதும் அந்தப் பெரியவர் அவசரமாக எழுந்து வந்தார். பொறுமை போய்விட்டது, நடிக்கவெல்லாம் அவருக்குத் தெம்பு இல்லை.

"அண்ணை, நீங்கள் எசனில இருந்தோ வாறியள்?"

அம்மா அவருக்குப் பின்னால் இருந்த பச்சைச் சேலையைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. அப்பா நின்றார். எந்த அலுவலகத்துப் படிவத்திலும் ஓர் எழுத்துப் பொய் எழுதாத மனுஷர், அந்தப் பெரியவரின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இல்லை அண்ணை," என்றார். "நாங்கள் ஹம்பேர்க். மூத்தவள் அங்க கட்டடக்கலை படிக்கிறாள்."